தமிழுக்கு நான்

மணலி புதுநகர்க் கல்யாண மண்டபத்தில்
முந்தின நாள் முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளில்
மணமகள் பெயர் மட்டும் உதிராமல் இருந்தது.
அதன் கீழே டெல்லியிலிருந்து வந்த மூவர்.
நிலத்தடி நீர், வரைவு விதிகள், நாற்பத்தாறு பக்கம்,
இந்தியிலும் இங்கிலீஷிலும்.
தமிழுக்கு நான்.
நாள் கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு உண்டு.

கம்பெனிக்காரர்கள் முதலில் பேசினார்கள்.
திரையில் படம் போட்டார்கள்.
அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.
மணி அடிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.
பந்தி நடந்து, பாயசம் தீர்ந்து,
பாதி விசிறிகளை நிறுத்திவிட்ட பிறகு
"விவசாயிகள் யாராவது?" என்றார்கள்.

வெள்ளிவாயல் மங்காவரம் எழுந்தாள்.
ஒரு ஏக்கர் பத்து சென்ட்.
புருஷன் போய் ஆறு வருஷம், பட்டா இன்னும் அவர் பேரில்.
நீட்டிய மைக்கை வாங்காமல்
அதற்குப் பக்கத்தில் நின்றே பேசினாள்.

"பதினாலாம் விதி, போருக்கு மீட்டருன்றீங்கோ.
வைங்கோ. வேணான்னு சொல்லல.
லாரி உறியற போருக்கும் வைங்கோ.
கம்பெனி சுவத்துக்குள்ள கீற போருக்கும் வைங்கோ.
கொசத்தலை ஆத்துல ஏறி வருதே கடலு,
அது எங்க கழனிக்குக் கீய எத்தினி அடி பூந்துச்சின்னு
அதுக்கும் ஒண்ணு வைங்கோ.
அந்த பில்லு யாருக்கு வருதுன்னு பாக்கலாம்."

நான் மொழிபெயர்த்தேன்.
கடல் ஏறி வருவதை 'உவர்நீர் ஊடுருவல்' என்று.
அடுத்து அவள் சொன்ன 'கரிக்குது' என்ற சொல்லை
'தரத்தில் மாறுபாடு' என்று.
நடுவில் இருந்தவர் தலையாட்டினார்.
அப்படிச் சொன்னால் தலை ஆடும் என்று
எனக்கு முன்பே தெரியும்.

"நெல்லு நட்டா நுனி கருவுது.
கீரைக்கு மாறினோம்.
வாங்கிக்கினு போனவன் மறுநா வந்து
இன்னாம்மா, உப்பு போட்டே வளக்கிறியான்னு சிரிக்கிறான்.
விதி எழுதறதுக்கு முன்ன உங்கள்ல ஒருத்தராச்சும்
வாயில ஊத்திப் பாத்தீங்களா..."

மணி அடித்தது.
மணமேடையில் ஐயர் விட்டுப்போன சின்னப் பித்தளை மணி.
மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்பதை
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
மேடையை விட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.
"நீ எந்த ஊரு?"
தண்டையார்பேட்டை.
"லாரித் தண்ணியா?"
அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

அன்றிரவு பதினொன்றேகாலுக்கு லாரி வந்தது.
எங்கள் தெரு முழுக்க நீலக் குடங்கள்,
முண்டியடித்து, சண்டையை நாளைக்கு வைத்துக்கொண்டு.
குழாயைப் பிடித்துக்கொண்டே டிரைவரிடம் கேட்டேன்,
தண்ணி எங்கே பிடிக்கிறீங்க?
"முன்னாடி வெள்ளிவாயல் பக்கம்க்கா.
இப்ப அங்க கரிக்குது.
பஞ்செட்டிக்கும் அந்தாண்ட போறோம்."
குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது.
இனிப்பாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது,
நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் கூலி.
கம்பெனிக்காரர்களுக்கு ஏழு பக்கம்.
மங்காவரத்துக்கு ஒரு வரி:
'நீரின் தரத்தில் மாறுபாடு குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது.'
அவள் பேர் இல்லை. சொல்லும் என்னுடையது.

திருத்தம் கேட்டு எழுதினேன்.
அவள் சொன்னது கரிக்குது.
தமிழிலேயே, அப்படியே போடவும்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது.
சேர்த்திருக்கிறோம், ஆனால் எங்கள் கணினியில்
உங்கள் எழுத்துரு இல்லை, மன்னிக்கவும்.
திறந்து பார்த்தேன்.
அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்பது வெற்றுக் கட்டங்கள்,
பாத்தி கட்டி
எதுவும் நடாமல் விட்டது மாதிரி.

கூலி மறுநாள் கணக்கில் ஏறியது,
பத்து சதவீதம் பிடித்தம் போக.